சத்தம் நின்னுச்சா சார்?

மூணு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கறது பாதி காரணம். மீதிப் பாதி காரணம் என் காரோட முன் சக்கரம் ரெண்டும். அதைப் பத்திப் புலம்பத்தான் இந்தப் பதிவு. வெறும் புலம்பல் இல்லீங்க, கடைசியில ஒரு கருத்தும் இருக்கு. கருத்து சொல்லாம பதிவு போட்டா நம்மள எவன் மதிப்பான்? :-)

என்கிட்ட இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு சின்ன கார். அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டினப்போ முன்பக்க பிரேக் பேட் தேஞ்சு போச்சு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், நல்ல கம்பெனி பேடாப் பாத்து பில்லோட ஒரு செட் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு ஒர்க்‌ஷாப்புல குடுத்து மாட்டியாச்சு. முக்கால் மணி நேர வேலை. கூலி நானூறு கேட்டார். நான் பேரம் பேசி முன்னூறுல முடிச்சேன். வெற்றிப் புன்னகையோட வண்டியை எடுத்தேன். (அந்த நூறு ரூபாயைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி வரும்.)

ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. மூணாவது நாள் காலையில சோழிங்கநல்லூர் சிக்னல். சிவப்பு விழுந்துச்சு, மெதுவா பிரேக்கை மிதிச்சேன்.

கீீீீச்ச்ச்ச்...

பக்கத்துல பைக் பின்னாடி உக்காந்திருந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. முன்னாடி நின்ன ஷேர் ஆட்டோல இருந்து ஆறு தலை ஒரே நேரத்துல திரும்பிப் பாத்துச்சு. நானும் யாரோ எவரோ மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன். எத்தனை நேரம்தான் நடிக்கறது? அடுத்த சிக்னல்லயும் அதே கீச்ச்ச். ஒரு வாரத்துல எங்க அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி தாத்தா நான் ஹாரன் அடிக்காமலே கேட்டைத் திறக்க ஆரம்பிச்சுட்டார்.

திரும்பப் போனேன். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும். ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும், தானா சரியாயிடும்"னு சொல்லி அனுப்பிட்டார் மெக்கானிக். ஓட்டினேன். சரியாகல.

ரெண்டாவது தடவை போனப்போ சக்கரத்தைக் கழட்டி, பேடை வெளிய எடுத்து, உப்புத்தாள் வச்சு நாலு தேய் தேய்ச்சு மாட்டிக் குடுத்தார். மூணு நாள் நிம்மதி. நாலாவது நாள் மறுபடி கச்சேரி.

மூணாவது தடவை எனக்குப் பொறுமை போயிடுச்சு. "அண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. இனிமே சத்தம் மட்டும் வரக்கூடாது"ன்னு சொல்லிட்டு டீக்கடைப் பக்கம் போயிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு வந்தேன். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமா இல்ல. "சத்தம் நின்னுச்சா சார்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். நின்னுடுச்சுண்ணேன்னு சொல்லி, சந்தோஷத்துல டீ செலவுக்கு வேற நூறு ரூபா குடுத்தேன்.

பத்து நாள் அமைதிப் பூங்கா.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு திருப்போரூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். கேளம்பாக்கம் தாண்டி ரோடு கொஞ்சம் காலியா இருந்துச்சு. அறுபதுல போயிட்டிருந்தேன். சந்துல இருந்து ஒரு பையன் சைக்கிள்ல திடீர்னு குறுக்க வந்துட்டான். பத்து வயசு இருக்கும். பிரேக்கை மிதிச்சேன். வழக்கமா பிடிக்கற இடத்துல பிடிக்கல. இன்னும் அழுத்தி மிதிச்சேன். வண்டி இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சு. சைக்கிளுக்கும் என் பம்பருக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருக்கும். பையன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி மிதிச்சுக்கிட்டுப் போயிட்டான். எனக்குத்தான் கால் நடுக்கம் நிக்கல. அம்மா "முருகா"ன்னதோட சரி. அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன்டா வண்டி இடது பக்கம் இழுக்குது?"ன்னு மட்டும் கேட்டார்.

அவ்ளோ கஷ்டப்பட்டு பிரேக்கை மிதிச்சப்போ ஒரு சின்ன கீச்சுக் கூட வரல. அந்தப் பத்து நாளும் நான் எதுக்கு சந்தோஷப்பட்டேனோ, அதுதான் அன்னிக்கு என்னை பயமுறுத்துச்சு.

*

மறுநாள் லீவு போட்டுட்டு ஆலந்தூர்ல எங்க டீம் லீட் சொன்ன ஒரு பெரியவர்கிட்ட வண்டியை விட்டேன். சின்ன ஷெட். அவரும் ஒரு உதவிப் பையனும் மட்டும். ரெண்டு முன் சக்கரத்தையும் கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பேடு மூஞ்சியைப் பாரு தம்பி. கிரீஸ் குடிச்சிருக்கு."

வலது பக்க பேடோட உரசுற பக்கம் கறுப்பா பளபளன்னு இருந்துச்சு. நடந்தது என்னன்னா, பேடோட பின்பக்க இரும்புத் தகட்டுல கிரீஸ் தடவியிருக்காங்க. அது தப்பில்ல, தடவறது உண்டு. ஆனா அதுக்குன்னு சூடு தாங்கற தனி கிரீஸ் இருக்கு. இவங்க தடவினது சாதாரண சேசிஸ் கிரீஸ், அதுவும் அப்பி வச்சிருக்காங்க. பிரேக் சூட்டுல அது உருகி வழிஞ்சு உரசுற பக்கத்துக்கு வந்துடுச்சு. டிஸ்க்லயும் ஏறிடுச்சு. சத்தம் ஏன் நின்னுச்சுன்னா உராய்வே நின்னு போனதால! வலது பக்கம் அதிகம் வழிஞ்சிருக்கு, இடது பக்கம் கொஞ்சம்தான். வலது சக்கரம் சரியா பிடிக்காம இடது மட்டும் பிடிச்சா வண்டி இடது பக்கம்தானே இழுக்கும்? அப்பா கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சுது.

இன்னொண்ணும் காட்டினார். அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. உள்பக்க பேடுல ஒரு சின்ன வளைஞ்ச இரும்புத் துண்டு இருக்கணும். பேட் தேஞ்சு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் பாக்கின்னு ஆகும்போது அந்தத் துண்டு டிஸ்க்ல உரசி 'கீச்'னு கத்தும். மாத்துற நேரம் வந்துடுச்சுன்னு சொல்ற அலாரம் அது. வேணும்னே கத்தறதுக்காக வச்சது. என் பேடுல அது ரெண்டு பக்கமும் இல்ல. கட்டிங் பிளேயர் வச்சு ஒடிச்சு எடுத்திருக்காங்க. "இதுதான் சத்தம் போடுதுன்னு நினைச்சிருப்பான்"னார் பெரியவர்.

சரி, உண்மையிலேயே சத்தம் எங்க இருந்துதான் வந்துச்சு? காலிப்பர் முன்ன பின்ன நகர ரெண்டு பின் இருக்கு. அது வறண்டு போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பேட் உக்கார்ற இடத்துல இருக்கற கிளிப்புங்க பழசு, துருப்பிடிச்சது, அதையே திருப்பி மாட்டியிருக்காங்க. பேடுக்குப் பின்னாடி வர்ற ஷிம் தகடு ஒரு பக்கம் இல்லவே இல்ல. டிஸ்க் ஓரத்துல, பழைய பேட் படாத இடத்துல, துரு மேடு தட்டியிருந்துச்சு. இவ்ளோதான். இது எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. பொறுமையா சுத்தம் பண்ணி மாட்டினா வந்தே இருக்காது.

*

கொஞ்சம் தியரி. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இப்பவாவது உபயோகப்படட்டும். மெக்கானிக்கல்காரங்க தப்பிருந்தா திருத்துங்க.

வயலின்ல வில்லை இழுக்கும்போது கம்பி வில்லோட கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும், அப்புறம் வழுக்கி விடும், மறுபடி ஒட்டும். இது செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை நடக்கறதுதான் நாம கேக்கற இசை. பிரேக்லயும் கிட்டத்தட்ட அதே கதை. பேட்தான் வில்லு. டிஸ்க், காலிப்பர், பேட் தகடு எல்லாம் சேர்ந்து கம்பி. உராய்வு ஒரு சின்ன அதிர்வைக் கிளப்பும். பேட் இறுக்கமா, சரியா உக்காந்திருந்தா அது அங்கேயே அடங்கிடும். கிளிப்பு லூசு, பின் ஒட்டிக்கிச்சு, ஷிம் இல்லன்னா அந்த அதிர்வு வளரும். டிஸ்க் ஒரு வெண்கலத் தட்டு மாதிரி பாட ஆரம்பிச்சுடும். இந்தக் கீச்சு பொதுவா ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கும். நம்ம காது ரொம்பக் கூர்மையா கேக்கறது 2000-ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும். அதனாலதான் கண்ணுக்கே தெரியாத அதிர்வு ஆறு தலையைத் திருப்புது.

இந்தப் பிரச்சினை டிஸ்க் பிரேக் பிறந்தப்பவே கூடப் பிறந்தது. இங்கிலாந்துல பர்மிங்காம்ல கார் செஞ்சுக்கிட்டிருந்த ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902-ல டிஸ்க் பிரேக்குக்கு காப்புரிமை வாங்கினார். அவர் போட்டது செம்புப் பட்டை. உலோகமும் உலோகமும் உரசி காது கிழியற சத்தம். 1907 வாக்குல ஹெர்பர்ட் ஃப்ரூட்ங்கறவர் அதுக்கு ஆஸ்பெஸ்டாஸ் வச்சு ஒரு வழி கண்டுபிடிச்சார். சத்தமும் அடங்குச்சு, சூடும் தாங்குச்சு. எல்லாரும் மகிழ்ச்சி. பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்தத் தூசி நுரையீரலைத் தின்னுதுன்னு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல இருந்து ஆஸ்பெஸ்டாஸை மொத்தமா தடை பண்ணிடுச்சு. முதல் டிஸ்க் பிரேக்கோட சத்தத்தை நிறுத்தினதுக்கே ஒரு விலை இருந்திருக்கு. அந்த விலையைக் குடுத்தது சத்தம் வேணாம்னவங்க இல்ல, பிரேக் செஞ்ச தொழிலாளிங்களும் அதைக் கழட்டி மாட்டின மெக்கானிக்குங்களும்தான்.

இதுல சென்னைக்காரங்களுக்கு ஒரு உறவும் உண்டு. பாடியில பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-ல இருந்து இருக்கு. அம்பத்தூர்ல பிரேக் லைனிங் செய்யறவங்க இருக்காங்க. நாட்டுக்கே பிரேக் செஞ்சு அனுப்பற ஊரு இது. இங்க உக்காந்துக்கிட்டுத்தான் நான் பேடுல சேசிஸ் கிரீஸ் தடவிக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 16.7 மீட்டர். நல்ல பிரேக், காய்ஞ்ச ரோடு, செகண்டுக்கு செகண்டு 7 மீட்டர் வேகம் குறையுதுன்னு வச்சுக்கிட்டா, மிதிச்ச இடத்துல இருந்து சுமார் 20 மீட்டர்ல நிக்கும். கிரீஸ் புண்ணியத்துல அந்த 7 வந்து 5 ஆகிடுச்சுன்னா? 28 மீட்டர். எட்டு மீட்டர் வித்தியாசம். ரெண்டு சின்ன காரை வரிசையா நிறுத்தற நீளம். அந்தப் பையனுக்கும் எனக்கும் நடுவுல இருந்தது ஒரு முழம்.

*

இப்ப என் கருத்து. (அப்பாடா, வந்துட்டான்யா!)

முதல்ல எனக்கும் அந்த மெக்கானிக் மேலதான் கோபம். போய் நாலு வார்த்தை கேக்கணும்னு கூட கிளம்பினேன். பாதி வழியில ஒரு விஷயம் உறைச்சுது. அந்த ஆள் நான் சொன்னதைத்தான் செஞ்சார். "சத்தம் மட்டும் வரக்கூடாது"ன்னேன். வரல. "பிரேக் சரியாப் பிடிக்கணும், ஏன் சத்தம் வருதுன்னு பாருங்க"ன்னு மூணு தடவையில ஒரு தடவை கூட நான் சொல்லல. நான் வச்ச டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு, சத்தம் நின்னுச்சா? அதுல அவர் பாஸ்.

பொட்டி தட்டற நம்மாளுங்களுக்கு இது புதுசா என்ன? எர்ரர் வந்து லாக் எல்லாம் சிவப்பா இருக்கு. டேமேஜர் தலைக்கு மேல நிக்கறார். என்ன பண்றோம்? அந்த இடத்துல ஒரு கேட்ச் பிளாக் போட்டு உள்ள ஒண்ணுமே எழுதாம மூடறோம். சிவப்பு போயிடும். டிக்கெட்டை மூடியாச்சு, எல்லாரும் கை தட்டியாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் படுத்துக்கும்போது, ஏன் படுத்துச்சுன்னு சொல்ல ஒரு வரி கூட லாக்ல இருக்காது. நாமதான் அதை அழிச்சோமே. அந்த இரும்புத் துண்டை ஒடிச்ச கட்டிங் பிளேயரும் இந்த காலி கேட்ச் பிளாக்கும் ஒண்ணுதான். இதே மாதிரி நானே எத்தனை இடத்துல எழுதியிருக்கேன்னு நினைச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கு. பாவம் அந்த மெக்கானிக் மட்டும் என்ன பண்ணுவார்?

அடுத்து அந்த நூறு ரூபா. பேடுக்கு பில் போட்ட விலையை மறு பேச்சு பேசாம குடுத்தேன். ஏன்னா அது டப்பாவுல வருது, மேல விலை அடிச்சிருக்கு. ஆனா அதை மாட்டறவரோட நேரத்துக்கு பேரம் பேசினேன். பின்னைக் கழட்டி, துடைச்சு, சரியான கிரீஸ் போட்டு, கிளிப்பு மாத்தி, துரு மேட்டைத் தேய்ச்சு, டிஸ்க் தடிமன் அளந்து மாட்டணும்னா ரெண்டு மணி நேரமாவது ஆகும். முன்னூறு ரூபாய்க்கு யார் ரெண்டு மணி நேரம் உக்காருவா? பழசைக் கழட்டு, புதுசைச் சொருகு, அடுத்த வண்டி. நம்ம ஊர்ல பொருளுக்கு விலை உண்டு, வேலைக்கு விலை கிடையாது. அந்தக் கணக்கை மெக்கானிக் உண்டாக்கல. என்னை மாதிரி நூறு ரூபா குறைச்ச வீரனுங்கதான் உண்டாக்கினோம். பெரியவர் எண்ணூறு கேட்டார். புது பேட், கிளிப்பு செலவு தனி, ஏன்னா கிரீஸ் குடிச்ச பேடைத் திருப்பிப் போட முடியாது. வாயைத் திறக்காம குடுத்தேன்.

"எல்லாம் சரி, மாட்டத் தெரியாதவன் மேல தப்பே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. பிரேக்ல கை வைக்கறவருக்கு எந்த கிரீஸ் எங்கன்னு தெரிஞ்சிருக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். ஆனா ஒண்ணு யோசிங்க. "எனக்குத் தெரியல சார், வேற எடத்துல காட்டுங்க"ன்னு சொல்ற மெக்கானிக்கை நாம என்ன சொல்லுவோம்? வேலை தெரியாதவன்னு சொல்லுவோம். தெரியலன்னு சொல்றவனை மதிக்காத ஊர்ல கட்டிங் பிளேயர்தான் பேசும்.

*

இவ்ளோ பேசிட்டு, சத்தம் வந்தா எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு சொல்லலன்னா நியாயமில்ல. பெரியவர் சொன்னது, நானா படிச்சது ரெண்டும் சேர்த்து:

1. காலையில முதல் ரெண்டு மூணு பிரேக்ல மட்டும் சரசரன்னு வந்து நின்னு போனா, அது ராத்திரி ஈரத்துல டிஸ்க் மேல படிஞ்ச துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, மழைக்காலத்துல இது சகஜம். நிம்மதியா போங்க.

2. புது பேட் போட்ட முதல் சில நாள் லேசான கீச்சு வர்றது உண்டு. பழைய டிஸ்க் மேல பழைய பேடோட மெல்லிய படிவு இருக்கும். புதுசு தன்னோட படிவை அதுல ஏத்தணும். அதுக்கு பழக்கி விடணும். ஆள் இல்லாத ரோட்டுல அம்பதுல இருந்து பத்துக்கு, முழுசா நிறுத்தாம, மிதமா பிரேக் பிடிச்சு, நடுவுல அரை நிமிஷம் ஆற விட்டு, இருபது முப்பது தடவை. சூடா இருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, பேட் படிவு ஒரே இடத்துல அச்சு மாதிரி ஒட்டிக்கும். உங்க பேட் டப்பால வேற முறை போட்டிருந்தா அதையே செய்யுங்க.

3. அதுக்கு அப்புறமும் ஒவ்வொரு பிரேக்குக்கும் கீச்சுன்னா பின், கிளிப்பு, ஷிம் மூணையும் பாக்கச் சொல்லுங்க. உள்பக்க பேட், வெளிப்பக்க பேட் இடம் மாறி மாட்டினாலோ, அந்த அலாரத் துண்டு வளைஞ்சிருந்தாலோ கூட புதுசுலேயே கத்தும். அப்ப சரியா மாட்டணும், ஒடிக்கக் கூடாது.

4. பிரேக் பிடிக்காதப்பவும் சக்கரம் சுத்தற தாளத்துல சர்ர் சர்ர்னு வந்தா, டிஸ்க் பின்னாடி இருக்கற தூசித் தகடு வளைஞ்சு உரசலாம், சின்னக் கல்லு மாட்டியிருக்கலாம். சக்கரம் தொட முடியாத அளவு சூடா இருந்தா பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உடனே காட்டுங்க.

5. கர்ர்ர்னு அரைக்கற சத்தம், இரும்பும் இரும்பும் உரசற மாதிரி வந்தா, அதோட வண்டியை ஓட்டாதீங்க. பேட் முழுசா தேஞ்சு தகடு உரசுதுன்னு அர்த்தம்.

6. சத்தம் இருக்கோ இல்லையோ, ஒரு பக்கம் இழுத்தா, பெடல் கீழ போனா, நிக்கற தூரம் கூடினா, அதுதான் முதல் பிரச்சினை. சத்தம் அப்புறம்.

மாட்டினதும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலேயே பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு கெட்டியாகுதான்னு பாருங்க. பேட் மாத்தும்போது பிஸ்டனை உள்ள தள்ளியிருப்பாங்க. முதல் மிதி சும்மா கீழ போகும். அந்த முதல் மிதி ரோட்டுல நடக்கக் கூடாது.

டிஸ்க்ல குறைஞ்சபட்சத் தடிமன் எவ்வளவுன்னு அதுலேயே பொறிச்சிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்க. கழட்டின பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பாருங்க. நாலும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் மெலிஞ்சிருந்தா பின் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். என் பழைய பேடுல இது தெளிவா தெரிஞ்சிருக்கும். நான் கேக்கவே இல்ல, அது குப்பைக்குப் போயிடுச்சு.

காத்தடிச்சு பிரேக் தூசியை ஊதற பழக்கத்தையும் விடச் சொல்லுங்க. பழைய பேடுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதை முதல்ல சுவாசிக்கறது அந்த உதவிப் பையன்தான். பெரியவர் தண்ணி நனைச்ச துணியாலதான் துடைச்சார். அந்தப் பையன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்.

*

இப்ப வண்டி எப்படி இருக்கு? நல்லா பிடிக்குது, நேரா நிக்குது. போன வாரம் காலியான ரோட்டுல அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, பின்னாடி யாரும் வரலைன்னு பாத்துட்டு ஒரு தடவை நல்லா அழுத்திப் பிடிச்சுக் காட்டினேன். "ம்"னார். எங்க அப்பாகிட்ட அது பெரிய சர்டிபிகேட்.

காலையில பேஸ்மெண்ட்ல இருந்து வெளிய வரும்போது மட்டும் முதல் பிரேக்ல ஒரு குட்டி 'கீச்' வருது. செக்யூரிட்டி தாத்தா இன்னும் அதை வச்சுத்தான் கேட்டைத் திறக்கறார். பெரியவர்கிட்ட கேட்டேன். "காலையில ஒரு தடவைதானே? ஒண்ணுமில்ல தம்பி, விட்டுடு"ன்னார். விட்டுட்டேன்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு நாள் போனேன். சண்டை போட இல்ல. கிரீஸ் குடிச்ச அந்த பேடைக் கையில குடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பாத்தார். "சைக்கிள் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"னு கேட்டார். ஒண்ணும் ஆகலண்ணேன்னேன். எந்த கிரீஸ் போடணும்னு கேட்டு ஒரு அட்டையில எழுதி வச்சுக்கிட்டார். நானும் அன்னிக்குக் குறைச்ச நூறு ரூபாயைக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டார்.

உங்க வண்டி கத்தி, நீங்க என்ன பண்ணி நிறுத்தினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நிறுத்தினதுக்கு அப்புறம் பிரேக் பிடிச்சுதாங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல. இதைப் படிச்சுட்டு நீங்களே ஜாக்கி போட்டுக் கழட்டாதீங்க. கழட்டறவர் பக்கத்துல நின்னு பாருங்க, அது போதும். டீக்கடைக்குப் போயிடாதீங்க. :-)